நிறுத்தச் சொன்னார்கள் சரி, மறுபடி எப்போது ஆரம்பிப்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் யாராவது "ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை" சாப்பிடுகிறவர்கள் இருந்தால் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். மற்றவர்கள் பாதியில் விட்டாலும் எனக்கு வருத்தமில்லை. 33 வருஷம் மத்தியானப் பீரியடில் அறிவியல் நடத்தியவன் நான்.

இந்த ஆடியில் மூன்றாம் வெள்ளி. படவேட்டில் அன்றைக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ரேணுகாம்பாள் கோயிலுக்கு வந்த வண்டிகள் சந்தவாசல் பக்கமிருந்தே வரிசை கட்டி நின்றன. காலை 7 மணிக்கு என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், அம்மாவுக்கு வாய் கோணிக்கிச்சு, பேசினா புரியல, கை தூக்க மாட்டேங்கிறாங்க." 108-க்குச் சொல்லிவிட்டானாம். வண்டி கூட்டத்தைத் தாண்டி வரத் தாமதமாகிறது, என்ன செய்வது என்று கேட்டான். எதிர்ப்பக்கமாகக் கண்ணமங்கலம் ரோட்டுக்குக் காரிலேயே கொண்டுபோய்விடு என்றேன். வேலூர் போய்ச் சேர்ந்தார்கள். அந்த அம்மா உயிரோடு இருக்கிறார். வலது கை வரவில்லை. பட்டுச்சேலை முந்தானைக்குக் குஞ்சம் முடிந்து கொடுத்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்த கை அது.

பத்து நாள் கழித்துப் பார்க்கப் போனேன். மஞ்சள் பையில் இருந்த காகிதங்களை என் முன்னால் கொட்டினான். வாத்தியார் என்றால் எல்லாக் காகிதமும் புரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. பார்த்தேன். அந்த அம்மாவுக்கு ஒன்பது வருஷத்துக்கு முன் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். பேட்டரி தீர்ந்துபோனதால் ஆனி மாதம் புதுக் கருவி மாற்றியிருக்கிறார்கள். இதயத் துடிப்பு தாறுமாறாக அடிக்கும் நோயும் அவருக்கு உண்டு. அதற்காக அபிக்சபான் என்ற மாத்திரை, காலை ஒன்று இரவு ஒன்று. ஆபரேஷனுக்கு முந்தைய சீட்டில் அதை இரண்டு நாள் முன்பே நிறுத்தும்படி ஆங்கிலத்தில் ஒரு வரி. டிஸ்சார்ஜ் சீட்டில் ஏழு மாத்திரைகள். பிரஷருக்கு, சர்க்கரைக்கு, வயிற்றுக்கு, தூக்கத்துக்குக்கூட. அபிக்சபான் மட்டும் இல்லை. மறுபடி ஆரம்பிக்கச் சொல்லி எங்கேயும் ஒரு வரி இல்லை.

"நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்திட்டோம் சார். ஆரம்பிக்கச் சொல்லல, ஆரம்பிக்கல."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எண்ணிப் பார்த்தேன். நிறுத்திய நாளிலிருந்து வாய் கோணிய நாள்வரை 24 நாள்.

போதாததற்குப் பக்கத்து வீட்டில் ஒருவர், "அதான் புது மிஷின் வெச்சாச்சே, இனிமே எதுக்கு அந்த மாத்திரை" என்று சொல்லியிருக்கிறார். இந்த நினைப்பு நம் பக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. பேஸ்மேக்கரின் வேலை இதயம் மெதுவாகப் போனால் தட்டி எழுப்புவது. மேலறைகள் துடிக்காமல் நடுங்கிக்கொண்டிருந்தால் அங்கே ரத்தம் தேங்கும், தேங்கினால் கட்டியாகும், அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். பேஸ்மேக்கர் இதைத் தடுக்காது. மாத்திரைதான் தடுக்கும். மிஷின் வேறு, மாத்திரை வேறு. இரண்டும் ஒரே நெஞ்சில் இருப்பதால் ஒன்றுக்கு இன்னொன்று மாற்று என்று ஆகிவிடாது.

எனக்கு அந்த ஆஸ்பத்திரியின் மேல் கோபம் வந்தது. ஆனால் கோபப்பட எனக்கு உரிமை குறைவு. ஏனென்றால் போன வருஷம் மாசியில் என் வீட்டிலேயே இதே விஷயத்தில் கோட்டை விட்டவன் நான்.

என் மனைவியின் தம்பி ஆரணிப் பக்கம் தறி ஓட்டுகிறவர். பள்ளிக்கூட வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, அது இதய வால்வைக் கெடுத்துவிட்டது. பழைய ஆசிரியர்களுக்கு இது தெரிந்திருக்கும். 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடப் போகிறேன் என்று லீவு கேட்கும் பையன்கள் ஒவ்வொரு பள்ளியிலும் ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். அப்படி ஒரு பையன் அவர். பிறகு 14 வருஷத்துக்கு முன் உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் மாலை அசிட்ரோம். மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். பரிசோதனை. போன வருஷம் துடிப்பு 34-க்கு இறங்கித் தறிக்குழியிலேயே மயங்கி விழுந்தார். பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றார்கள்.

"அஞ்சு நாள் முன்னாடி அசிட்ரோமை நிறுத்திடுங்க, அதுக்குப் பதிலா வயித்துல காலையும் சாயங்காலமும் ஊசி." இதுதான் உத்தரவு. அவர் என்னைக் கேட்டார். "மாமா, நீங்க படிச்சவரு. பதினாலு வருஷத்துல ஒரு நாள்கூட விட்டதில்ல. நிறுத்தலாமா?" ரத்தம் உறைதலைப் பலகையில் படம் போட்டு எத்தனை வருஷம் நடத்தியிருக்கிறேன்! த்ராம்பின், ஃபைப்ரின், வைட்டமின் கே எல்லாம் மனப்பாடம். அவருக்கு நான் சொன்ன பதில்: "டாக்டர் சொன்னா கேட்டுக்க வேண்டியதுதானே." ஏன் என்று டாக்டரிடம் ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. அன்று ராத்திரியே ஊசியை மறுபடி ஆரம்பித்தார்கள், அசிட்ரோமும் ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் இடது தோள்பட்டைக்குக் கீழே, கருவி வைத்த இடத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். ஐந்தாம் நாள் சாத்துக்குடி. மார்பு முழுக்கக் கத்தரிக்காய் நிறம். உள்ளே ரத்தம் கசிந்து கட்டிவிட்டது. மறுபடி அட்மிஷன். ரத்தக்கசிவு நிற்க வேண்டும் என்று ஊசி, மாத்திரை இரண்டையும் நிறுத்தினார்கள். எதற்குப் பயந்து ஊசி போட்டார்களோ அந்தப் பாதுகாப்பே இல்லாமல் உலோக வால்வோடு அவர் பல நாள் கிடந்தார். கட்டி எதுவும் கிளம்பவில்லை என்பது அம்மன் புண்ணியம். முகூர்த்தச் சேலைக்குப் போட்ட பாவு தறியிலேயே இரண்டரை மாதம் நின்றது. முன்பணம் கொடுத்தவர் நல்லவர், பொறுத்துக்கொண்டார்.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். சென்னையில் மருத்துவராக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி கட்டுரைகளை அனுப்பிப் பொறுமையாக விளக்கினாள். (பத்தாம் வகுப்பில் ரத்தக் குழாய் படத்தை மாற்றி வரைந்ததற்காக அவளைப் பெஞ்சின் மேல் ஏற்றியிருக்கிறேன். அதையும் ஞாபகப்படுத்தினாள்.) அவள் வழியாகத் தெரிந்துகொண்டதை என்னால் முடிந்த அளவு சொல்கிறேன்.

முதலில் இந்த மாத்திரைகளின் கதை. 1930-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பக்கம் மாடுகள் காரணமில்லாமல் ரத்தம் கசிந்து செத்தன. பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போன ஒரு தீவனப்புல்தான் காரணம் என்று தெரிந்தது. 1933-ல் ஒரு விவசாயி பனிப்புயலில், செத்த மாட்டையும் ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு கார்ல் லிங்க் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கெட்ட புல்லில் இருந்த பொருளிலிருந்து கிளைத்ததுதான் வார்ஃபரின். 1948-ல் எலி மருந்தாக விற்றார்கள். 1954-ல் மனிதர்களுக்கு அனுமதி. மறு வருஷம் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கே கொடுத்தார்கள். நம் ஊரில் இன்னமும் "அது எலி பாஷாணம்பா" என்று பயமுறுத்துகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். உண்மைதான், ஆனால் அளவு தெரிந்து கொடுத்தால் உயிரைக் காப்பதும் அதுதான். நம் பக்கம் வார்ஃபரினைவிட அதன் பங்காளியான அசிட்ரோம்தான் அதிகம் புழங்குகிறது.

இந்த வகை மாத்திரைக்கு ஒரு குணம். இன்று நிறுத்தினால் இன்றே விளைவு போகாது, இன்று ஆரம்பித்தால் இன்றே விளைவு வராது. சில நாள் பிடிக்கும். அதனால் நிறுத்தினால் முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று பாதுகாப்பில்லாத இடைவெளி விழும். அந்த இடைவெளியில் பாலம் போடுவது போலத்தான் வயிற்றில் ஹெப்பாரின் ஊசி. கேட்பதற்கு நல்ல ஏற்பாடு. உலகம் முழுக்கப் பல வருஷம் அப்படித்தான் செய்தார்கள். யாரும் சோம்பேறித்தனத்தால் செய்யவில்லை. இரண்டு பக்கமும் பயந்து, இரண்டுக்கும் நடுவில் கண்டுபிடித்த வழி.

கனடாவில் டேவிட் பர்னி என்ற இதய மருத்துவரும் கூட்டாளிகளும் அந்த ஏற்பாடு உண்மையிலேயே நல்லதா என்று சோதித்துப் பார்த்தார்கள். ஆராய்ச்சியின் பெயர் புரூஸ் கன்ட்ரோல். புரூஸ் என்றால் ரத்தம் கன்றிப்போவது. பேஸ்மேக்கரோ, மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தைச் சீராக்கும் ஐ.சி.டி. கருவியோ வைக்க வந்தவர்களில், பக்கவாத அபாயம் அதிகமாக இருந்து வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வார்ஃபரினை நிறுத்தி ஹெப்பாரின் ஊசி. இன்னொரு பிரிவுக்கு வார்ஃபரினை நிறுத்தாமலே ஆபரேஷன். ஆபரேஷன் அன்று ஐ.என்.ஆர். 3-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டார்கள், உலோக வால்வு இருந்தால் 3.5 வரை. முடிவு 2013-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது.

ஊசி போட்ட 338 பேரில் 54 பேருக்குக் கருவி வைத்த இடத்தில் பெரிய ரத்தக்கட்டு. மாத்திரையை நிறுத்தாத 343 பேரில் 12 பேருக்குத்தான். நூற்றுக்கு 16, நூற்றுக்கு 3.5. வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆராய்ச்சியைத் திட்டமிட்டதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். சும்மா நீலம் பாய்ந்ததையெல்லாம் அவர்கள் பெரிய ரத்தக்கட்டு என்று எண்ணவில்லை. மறுபடி கத்தி வைக்க வேண்டியது, ஆஸ்பத்திரியில் கூடுதல் நாள் இருக்க வேண்டியது, ரத்தம் உறையாத மருந்தையே நிறுத்த வேண்டியது, இவை மட்டும்தான் கணக்கு. என் மச்சானுக்கு நடந்தது அப்படியே அந்தக் கணக்கில் வருகிறது.

நிறுத்தாவிட்டால் ரத்தம் அதிகமாகப் போக வேண்டாமா, எப்படிக் குறைந்தது? நானும் அப்படித்தான் கேட்டேன். மாணவி சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஆபரேஷன் செய்தால் கசிய வேண்டிய குழாயெல்லாம் டாக்டரின் கண் முன்னால் அப்போதே கசியும். அங்கேயே சுட்டு அடைத்துவிட்டுத் தையல் போடுவார். மாத்திரையை நிறுத்திச் செய்தால் எல்லாம் உலர்ந்து சுத்தமாகத் தெரியும், தையல் போட்டு மூடியபின் ராத்திரி ஊசி உள்ளே போகும், அப்போது கசிவு ஆரம்பிக்கும், யார் கண்ணுக்கும் தெரியாது. மச்சானிடம் இதைச் சொன்னேன். "இழை தறியில இருக்கும்போதே அறுந்தா பிணைச்சுக்கலாம் மாமா, சேலை மடிச்சப்புறம் தெரிஞ்சா என்ன பண்றது" என்றார். எனக்கு அரை மணி நேரம் பிடித்தது அவருக்கு அரை நிமிஷத்தில் புரிந்தது.

ரத்தக்கட்டு என்பது வெறும் வீக்கம் என்று நினைக்காதீர்கள். அதே ஆட்களை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்ததில், பெரிய ரத்தக்கட்டு வந்தவர்களுக்குக் கருவியில் கிருமி பிடிக்கும் அபாயம் மற்றவர்களைவிட 7 மடங்குக்கும் மேல். கிருமி பிடித்தால் பெரும்பாலும் கருவி, அதன் கம்பி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு வேறு பக்கம் புதிதாக வைக்க வேண்டிவரும். கம்பி சதையோடு ஒட்டிப்போயிருக்கும், எடுப்பதே ஆபத்து. இதனால்தான் வீங்கிய இடத்தில் ஊசி குத்தி ரத்தத்தை உறிஞ்சி எடுக்கக் கூடாது என்கிறார்கள். அந்த ஊசி வழியாகவே கிருமி போகும். உள்ளூரில் யாரிடமாவது காட்டி "கொஞ்சம் எடுத்து விடுங்க" என்று கேட்கவே கேட்காதீர்கள். மஞ்சள் பற்று, சுடு ஒத்தடம், ஆமணக்கெண்ணெய் ஒன்றும் வேண்டாம். கருவி வைத்த இடத்துக்கே திரும்பப் போங்கள்.

சரி, அப்படியானால் எல்லோரும் நிறுத்தாமலே செய்துகொள்ள வேண்டியதுதானா? இல்லை. "படவேடு வாத்தியார் நிறுத்த வேண்டாம்னு எழுதியிருக்கார்" என்று நாளைக்கு யாரும் டாக்டரிடம் போய் நிற்காதீர்கள். ஆளுக்கு ஆள், மாத்திரைக்கு மாத்திரை வேறுபடும். அந்தக் கனடா ஆராய்ச்சியிலேயே மாத்திரையை நிறுத்தாத பிரிவில் ஒருவருக்குப் பக்கவாதமும் இன்னொருவருக்கு வந்து உடனே சரியாகிவிட்ட சிறு பக்கவாதமும் ஏற்பட்டன. அபாயம் குறைந்ததே தவிரப் பூஜ்யம் ஆகவில்லை.

அபிக்சபான், ரிவரோக்சபான், டாபிகாட்ரன் போன்ற புது மாத்திரைகள் வேறு சாதி. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வேலை செய்யும், விட்டால் ஒன்றிரண்டு நாளில் விளைவு போய்விடும். அதனால் பாலமும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். அதே கனடாக்காரர்கள் 2018-ல் இந்த மாத்திரைகளை வைத்து 662 பேரிடம் ஆராய்ந்தார்கள். நிறுத்தாமல் செய்தவர்களிலும் இரண்டு நாள் போல நிறுத்திச் செய்தவர்களிலும் ரத்தக்கட்டு வந்தது தலா 7 பேருக்கு. இரண்டு வழியும் சரிதான். ஆக அந்த அம்மாவுக்கு இரண்டு நாள் முன்பு நிறுத்தச் சொன்னதில் தப்பே இல்லை. விளைவு சீக்கிரம் போய்விடும் மாத்திரை என்பதால்தான் மறுபடி ஆரம்பிக்கும் நாள் அவ்வளவு முக்கியம். அந்த ஆராய்ச்சியில் நிறுத்தியவர்களுக்கு ஆபரேஷன் முடிந்து குறைந்தது 24 மணி நேரம் கழித்து ஆரம்பித்தார்கள். இந்த அம்மாவுக்கு 24 நாள் ஆகியும் ஆரம்பிக்கவில்லை.

உலோக வால்வு வைத்தவர்கள் இந்தப் புது மாத்திரைகளுக்கு மாறவே கூடாது. "புதுசு வந்திருக்கு, ஐ.என்.ஆர். பார்க்க வேணாமாம்" என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னார் என்று கேட்டுப் போனவர்கள் உண்டு. டாபிகாட்ரனை உலோக வால்வுக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. கட்டியும் அதிகம், ரத்தக்கசிவும் அதிகம். அதன் முடிவும் 2013-ல்தான் வெளியானது. நம் நாட்டுக்கு இது பெரிய விஷயம். சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டவர்கள் இங்கே ஏராளம். 1990 டிசம்பரில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் நம் நாட்டிலேயே செய்த சித்ரா வால்வை முதன்முதலில் ஒரு நோயாளிக்கு வைத்தார்கள். அதன்பின் இறக்குமதி வால்வு வாங்க முடியாத ஆயிரக்கணக்கான ஏழைகளும் பிழைத்தார்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. அவர்களில் பலருக்கு இனிமேல்தான் பேஸ்மேக்கர் தேவைப்படும். ஆயுள் முழுக்க அசிட்ரோம் சாப்பிடுகிற அவர்கள் எல்லோர் முன்னாலும் என் மச்சான் கேட்ட கேள்வி வந்து நிற்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. இதயத் துடிப்புத் தாறுமாறாக இருக்கும், ஆனால் வால்வு கோளாறு இல்லை, பக்கவாத அபாயமும் குறைவு என்றால் சில நாள் நிறுத்திவிட்டு, ஊசியே இல்லாமல், ஆபரேஷன் முடிந்து ஆரம்பித்தால் போதும். வேறு ஆபரேஷன்களுக்காக வந்த 1,884 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்து 2015-ல் வெளியிட்ட ஆராய்ச்சி அதைத்தான் காட்டியது. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் கட்டி கிளம்பியது கிட்டத்தட்ட ஒரே அளவு. பெரிய ரத்தக்கசிவு ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 3.2, போடாதவர்களில் 1.3. உலோக வால்வுக்காரர்களை அதில் சேர்க்கவில்லை, ஞாபகம் வையுங்கள்.

அப்புறம் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல். மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும் சாப்பிடுவது. இதையும் ஊரில் "ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரை" என்றுதான் சொல்கிறோம். இது ரத்தத் தட்டணுக்களைக் கட்டுப்படுத்துவது, அது உறையும் வேதிவினையைக் கட்டுப்படுத்துவது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறவருக்குக் கருவி வைத்த இடத்தில் ரத்தம் கட்டும் வாய்ப்பு கூடும். அதற்காக ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். எதை நிறுத்தச் சொன்னார்கள் என்று பெயரைப் பார்த்து, அட்டையைக் கையில் வைத்துக் கேளுங்கள். "அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை" என்று போனில் சொல்லி முடிவெடுக்கும் விஷயமில்லை.

என் கருத்து இதுதான். "அஞ்சு நாள் நிறுத்து, ஊசி போடு" என்பதை எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதித் தரும் பழக்கம் போக வேண்டும். முடிவுகள் 2013-லேயே வந்துவிட்டன. பெரிய இதய மையங்களில் மாறிவிட்டார்கள் என்று மாணவி சொல்கிறாள். சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில், அதுவும் சீட்டு எழுதுகிறவர் ஒருவர், ஆபரேஷன் செய்கிறவர் ஒருவர், டிஸ்சார்ஜ் எழுதுகிறவர் இன்னொருவர் என்று இருக்கும் இடங்களில், பழைய வரிகள் அப்படியே கைமாறி வருகின்றன. ஐந்து நாள் என்பதே வார்ஃபரினை வைத்து வந்த கணக்கு. அசிட்ரோம் அதைவிடச் சீக்கிரம் உடலைவிட்டுப் போய்விடும். எந்த மாத்திரை என்று பார்க்காமலே நாள் எண்ணுகிறோம்.

டாக்டர்களின் பக்கமும் எனக்குப் புரிகிறது. ரத்தம் கசிந்தால் "கை சரியில்லை" என்று ஆபரேஷன் செய்தவரைச் சொல்வார்கள். மூன்று வாரம் கழித்துப் பக்கவாதம் வந்தால் அதை விதி என்பார்கள். எந்தப் பயம் பெரிதாகத் தெரியும்? ஐ.என்.ஆர். எந்த லேபில் பார்த்தது, நம்பலாமா என்ற சந்தேகமும் நியாயம்தான். ஒரே நாளில் ஆரணியில் 2.1, வேலூரில் 2.9 என்று வந்த கதை மச்சானுக்கே உண்டு. நிறுத்தாமல் செய்ய வேண்டும் என்றால் ஆபரேஷன் அன்று காலை அந்த ஆஸ்பத்திரியிலேயே ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய ஒரு மாதம் கீரை, கஷாயம், வலி மாத்திரை எதையும் மாற்றாமல் நாமும் ஒழுங்காக இருக்க வேண்டும். முருங்கைக்கீரையை அறவே விட வேண்டாம். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று இருப்பதுதான் கெடுதல். தையல் வலிக்கு மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுவது அதைவிடக் கெடுதல்.

ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் இரண்டு வரி எழுதுவதற்கு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை, இயந்திரமும் தேவையில்லை. "இந்த மாத்திரையை இந்தத் தேதி இரவு முதல் மறுபடி சாப்பிடவும். வீங்கினாலோ, வாய் குழறினாலோ இந்த எண்ணுக்குப் பேசவும்." முதலமைச்சர் காப்பீட்டில் கருவியே வைத்துத் தருகிற அரசாங்கம் இது. "மக்களைத் தேடி மருத்துவம்" என்று 2021-லிருந்து வீட்டுக்கே வந்து பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொடுக்கிறார்கள். அப்படி வருகிற பெண்ணிடம் இந்தச் சீட்டைக் காட்டி, "இது ஆரம்பிச்சீங்களா" என்று கேட்க வைப்பது பெரிய காரியமில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்கும் அந்த 24 நாளில் ஒருவர் வந்து சர்க்கரை மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

அது வரும்வரை நாமே எழுதி வாங்குவோம். நான் இப்போது ஒரு காரியம் செய்கிறேன். 40 பக்க நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து, நோயாளி சாப்பிடும் எல்லா மாத்திரையின் பெயரையும் அட்டையைப் பார்த்து எழுதுகிறேன். வால்வு இருக்கிறதா, என்ன வால்வு, எந்த வருஷம், ஸ்டென்ட் உண்டா, முன்பு பக்கவாதம் வந்ததா, கடைசி மூன்று ஐ.என்.ஆர். என்ன. அதற்குக் கீழே டாக்டருக்காகக் காலியாக இடம். நிறுத்த வேண்டுமா, எந்தத் தேதி, ஊசி எதற்கு, மறுபடி ஆரம்பிப்பது எந்தத் தேதி. கேட்டால் திட்டுவார்கள் என்று பயப்பட வேண்டாம். நான்கு டாக்டர்களிடம் கொடுத்தோம். மூன்று பேர் எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் "வாத்தியார் வேலையெல்லாம் இங்கே காட்டாதீங்க" என்றார், பிறகு அவரும் எழுதினார்.

கேட்க வேண்டியது ஒரு தடவை மட்டும் இல்லை. 1958-ல் ஸ்வீடனில் உலகத்திலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்ட ஆர்னே லார்சன் 2001 வரை, 86 வயது வரை இருந்தார். அதற்குள் 20-க்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிவிட்டார்கள். இப்போதைய பேட்டரி பத்து வருஷம் போல உழைக்கும். ஆனாலும் மாற்றத்தான் வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் கத்தி, அதே கேள்வி.

மச்சான் மறுபடி தறிக்குப் போகிறார். கருவி இடது பக்கம், நாடாக் கயிறு இழுப்பது வலது கை, அதனால் தப்பித்தார். முதல் ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்றதால் பாவு பிணைக்கும் வேலைக்கு என் மனைவியின் அண்ணன் மகன் வந்தான். நான் எழுதிக் கொடுத்த தாளைத் தறிக்கம்பத்தில் கோந்து போட்டு ஒட்டியிருக்கிறார். கோந்து வழிந்து 2034 என்று பேட்டரிக்குத் தோராயமாகப் போட்ட வருஷத்தை மறைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போய் வேறு தாள் எழுதித் தர வேண்டும்.

குஞ்சம் முடியும் அந்த அம்மா இடது கையால் பழகிக்கொண்டிருக்கிறார். போன வாரம் ஒரு முந்தானையில் பாதி முடித்தார் என்று மகன் போட்டோ அனுப்பினான். அபிக்சபான் காலை ஒன்று, இரவு ஒன்று, அவனே எடுத்துக் கொடுக்கிறான். யாருக்காவது அந்த நோட்டுத் தாள் வேண்டுமென்றால் கமெண்டில் சொல்லுங்கள், போட்டோ எடுத்துப் போடுகிறேன். படவேடு, சந்தவாசல், கண்ணமங்கலம் பக்கம் இருப்பவர்கள் மாத்திரை அட்டைகளோடு வீட்டுக்கே வாருங்கள். சாயங்காலம் 5 மணிக்கு மேல் இருப்பேன்.